பாலக்காட்டுக் காத்துல, கரிசல் மண்ணுல வீட்டு முன்னாடி குளம்: ஃபவுண்டன் வைக்கலாமா?

கோபாலபுரத்துக்காரி, மே 4
வீடு முடிஞ்சுது, பொள்ளாச்சி-பாலக்காடு ரோட்டுல கோபாலபுரம் தாண்டி கேரளா சைடு. வாசலுக்கு முன்னாடி 30க்கு 40 அடி சும்மா கெடக்கு. 10க்கு 6 அடில ஒரு குளம், நடுவுல ஃபவுண்டன், பின்னாடி கல்லடுக்கி சின்ன அருவி, உள்ள தாமரை, கோய் மீன், ராத்திரி லைட்டு. கோயமுத்தூர்ல இருந்து வந்த லேண்ட்ஸ்கேப்காரர் படம் போட்டு காட்டினாரு, படத்துல நெம்ப நல்லாருக்கு. சிமென்ட்ல கட்டிக்குடுக்கறேங்கறாரு. மாமியார் ஈசான மூலைய விட்டு நகரக்கூடாதுங்கறாங்க. போர் தண்ணிதான் இருக்கு. இந்தப் பக்கம் யாராச்சும் வச்சிருக்கீங்களா?

கரிசக்காட்டான், மே 4 ராத்திரி
வச்சிருக்கறேன். கொழிஞ்சாம்பாறை பக்கம். ஃபவுண்டன் வேண்டாம்.

கரிசக்காட்டான், மே 5
நேத்து தூக்கத்துல ஒத்த வரில முடிச்சுட்டேன், விவரமா சொல்றேன்.

உங்க இடத்துக்கு ஃபவுண்டன் ஏன் ஆகாதுன்னா காத்து. நம்ம ஊரு பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசல்ல உக்காந்திருக்குது, மலைத்தொடர்ல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து, மேக்க இருந்து வர்ற மழைக்காத்து மொத்தமும் அது வழியாத்தான் நுழையுது, அதனாலதான கஞ்சிக்கோட்டுல காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கறாங்க. ஃபவுண்டனுக்கு ஒரு கணக்கு இருக்கு: தண்ணி எவ்வளவு ஒசரம் பீச்சுதோ, நடுவுல இருந்து கரை வரைக்கும் குறைஞ்சது அவ்வளவு தூரம் இருக்கணும். இது காத்தில்லாத ஊருக்கு. காத்தடிக்கற எடத்துல அதுக்கு ரெண்டு மடங்கு. உங்க குளம் 6 அடி அகலம், பாதி 3 அடி, அப்ப நம்மூர்ல ஒன்றரை அடிக்கு மேல பீச்சக்கூடாது. ஒன்றரை அடி பீச்சறதுக்கு ஃபவுண்டன்னு பேரா? அதுக்கு மேல விட்டீங்கன்னா ஆடி மாசம் குளம் காலி, திண்ணை ஈரம், கார் கண்ணாடி பூரா வெள்ளைப்புள்ளி. எங்க மாமா வீட்டுல இதேதான் ஆச்சு. இப்ப அந்த ஃபவுண்டன் மேல துளசி மாடம் இருக்கு.

இன்னொண்ணு, தாமரையும் அல்லியும் எலை மேல தண்ணி தெறிச்சுட்டே இருந்தா சோந்துரும். ரெண்டும் நிக்கற தண்ணிச் செடி. ஃபவுண்டனும் அல்லியும் ஒரே தொட்டிக்குள்ள வேணும்னா அந்தப் படத்துக்குள்ளதான் முடியும்.

மேற்குப்படுகை, மே 5
மேக்கால ஒரு ஒசரமான காம்பவுண்டு கட்டிட்டா காத்துப் பிரச்சனை தீந்துச்சே?

கரிசக்காட்டான், மே 6
கட்டிப்பாருங்க. காத்து செவுத்து மேல ஏறி அந்தப்பக்கம் சுழிச்சு எறங்கும், குளம் இருக்கற எடத்துலயே வந்து எறங்கும். கட்டைச்சுவரை விட சல்லடையா இருக்கற வேலிதான் காத்த அமத்தும். செம்பருத்தி நெருக்கமா ரெண்டு வரிசை, இல்லனா வெட்டிவேர். நான் வச்சது வெட்டிவேர், ஆளுயரத்துக்கு வந்துரும், வெட்டி மாட்டுக்கும் போடலாம், வரப்பையும் புடிச்சுக்கும்.

கரிசக்காட்டான், மே 6, சாயங்காலம்
மேக்க மேக்கன்னே பேசிட்டிருக்கோம். மார்கழி தைல கெழக்க இருந்து அடிக்கறத யாரு சொல்றது? இந்தக் கணவாய்ல காத்து ரெண்டு வழியும் போகும், ஆனில இருந்து ஆவணி வரைக்கும் மேக்க இருந்து ஈரமா, திருவாதிரை சமயத்துல கெழக்க இருந்து வறண்டு. குளத்துக்கு மோசம் ரெண்டாவதுதான். மேக்கத்திக்காத்து தண்ணிய தெறிக்கும், அப்ப மழையும் வர்றதால ஈடு கட்டிரும். கெழக்கத்திக்காத்து சத்தமில்லாம குடிச்சுட்டு போயிரும். 10க்கு 6 அடி தண்ணிப்பரப்புல ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் வத்துதுன்னு வச்சாலும் 33 லிட்டர், ரெண்டு கொடம். தெனமும். அதனால வேலி ரெண்டு பக்கமும் வேணும்ங்க.

கோபாலபுரத்துக்காரி, மே 7
ரெண்டு கொடம்தானே, போர்ல இருந்து விட்டுக்கலாம். சிமென்ட்டா ஷீட்டா, அத மட்டும் சொல்லுங்க.

கரிசக்காட்டான், மே 7
ஷீட்டு. மண்ணு கரிசல்னா யோசிக்கவே வேண்டாம்.

நம்ம சித்தூர் தாலூக்கா கெழக்குப்பக்கம் நெறைய எடம் கரிசல்தான், கேரளான்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. மழை பெஞ்சா ஊதும், வெயிலடிச்சா சுருங்கும். ஏப்ரல்ல உங்க காலி எடத்துல போயி பாருங்க, வெடிப்புல கையி முழங்கை வரைக்கும் போகும். அதுக்குள்ள சிமென்ட் தொட்டி கட்டினா மண்ணு ஒரு சைடு தள்ளும் ஒரு சைடு விடும், தொட்டி மூலைல இருந்து விரிசல் ஓடும். கட்டியே ஆகணும்னா சுத்தியும் அடியும் ஒரு அடிக்கு மேல கரிசல தோண்டி எடுத்துட்டு கிராவல் போட்டு தண்ணி விட்டு இடிச்சு, அதுக்கு மேல கம்பி கட்டி கான்கிரீட் போடணும். அந்தக் காசுக்கு ரெண்டு குளம் ஷீட்லயே ஆயிரும். ஷீட்டு மண்ணு கூட சேந்து அசைஞ்சுக்கும்.

சிமென்ட்ல இன்னொரு தொந்தரவு சுண்ணாம்பு எறங்கறது. புதுத் தொட்டில மீன் விட்டா செத்துரும். வாழைத்தண்ட வெட்டிப்போட்டு ஊற வச்சு, தண்ணிய கொட்டி, மறுக்க ரொப்பி, மறுக்க கொட்டின்னு செஞ்சு எடுக்கணும். இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம்தான், ஆனா போர்த் தண்ணிக்கு அடிச்சுக்கற ஊர்ல ஒவ்வொரு தடவையும் மூவாயிரம் லிட்டர கொட்ட மனசு வருமா?

வண்டித்தாவளம் வாத்தியார், மே 8
அப்ப 60 சதுர அடி ஷீட் வாங்கினா போதுமா?

கரிசக்காட்டான், மே 8
வாத்தியாரே, கணக்கு நீங்க எடுக்கறதில்லன்னு நெனைக்கறேன்.

நீளத்தோட ரெண்டு பக்க ஆழத்தையும் கூட்டணும், அப்பறம் கரை மேல மடிச்சுப் போட பக்கத்துக்கு ஒரு அடி. ஆழம் ரெண்டடின்னு வச்சா 10 + 4 + 2, பதினாறு. 6 + 4 + 2, பன்னெண்டு. 16க்கு 12, அதாவது 192 சதுர அடி. ஒரே துண்டா வாங்குங்க, ஒட்டு போட்டா ஒட்டுலதான் ஒழுகும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கறாங்களே 500 மைக்ரான் கருப்பு ஷீட்டு, அது பொள்ளாச்சி கடைல கெடைக்கும், அதுவே போதும். காசிருந்தா ஈபிடிஎம் ரப்பர் ஷீட்டு, அது இன்னும் வளைஞ்சு குடுக்கும், மடிப்பு அழகா உக்காரும். நீலக்கலர் தார்ப்பாய் போட்டு காசு மிச்சம் பண்றேன்னு கெளம்பாதீங்க, வெயில்ல பொடிஞ்சுரும், கலரும் நீச்சல்குளம் மாதிரி இருக்கும். கருப்பு ஷீட்டுலதான் வானம் தெரியும்.

ஷீட்டுக்கு அடில மெத்தை வேணும். வேர், கல்லு, கண்ணாடி எல்லாம் கையாலயே பொறுக்கிட்டு ரெண்டு இஞ்சு மணல், அதுக்கு மேல பழைய ஃப்ளெக்ஸ் பேனர். நான் தமிழ்நாட்டு சைடுல இருந்து ஒரு கட்டு வாங்கிட்டு வந்தேன், எங்க குளத்துக்கு அடில மூணு கட்சியும் கூட்டணி வச்சு படுத்திருக்குது, இதுவரைக்கும் சண்டை இல்ல.

கரிசக்காட்டான், மே 9
பெருச்சாளிய விட்டுட்டேன். தென்னந்தோப்பு ஓரம்னா அது கரைய நோண்டி ஷீட்ட கடிக்கும். கரை மடிப்புக்கு அடில கோழிவலைக் கம்பிய ஒரு சுத்து பதிச்சுருங்க. தென்னைக்கு நேர் கீழயும் குளம் வேண்டாம், மட்டை விழுந்தா அதோட அடி ஷீட்ட பொத்துட்டு போயிரும். வேம்பு, மாமரம் கிட்டயும் வேண்டாம், எலை விழுந்து அழுகி அடில கருப்பா சேறாகும், நாத்தம் வரும். ஆனா அல்லி பூக்கணும்னா நாலஞ்சு மணி நேர வெயில் வேணும், தாமரைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. காலைல வெயில், ரெண்டு மணிக்கு மேல நெழல்னு ஒரு எடம் இருந்தா அதுதான் எடம். உங்க மாமியார் சொல்ற ஈசானம் வடகிழக்கு, வீடு மத்தியானத்துக்கு மேல அந்தப்பக்கம் நெழல் குடுக்குதான்னு பாருங்க. குடுத்தா மாமியார் பேச்சு கேட்டதாவும் ஆச்சு.

கோபாலபுரத்துக்காரி, மே 11
பாத்தேன். மூணு மணிக்கு நெழல் வருது. மாமியார் கிட்ட சொல்லல, சொன்னா தாங்க மாட்டாங்க. அருவி வைக்கலாமா? தண்ணிச்சத்தம் கேக்கணும் எனக்கு, அதுக்குத்தான் இவ்வளவும்.

கரிசக்காட்டான், மே 12
சத்தம்தான் வேணும்னு மொதல்லயே சொல்லிருந்தா பாதிப் பேச்சு மிச்சம்.

சத்தத்துக்கு ஒசரம் வேண்டாம், ஒரு அடி விழுந்தா போதும். ஆறு இஞ்சு அகலத்துல ஒரு கல்லு ஓடை, அது நேரா தண்ணி மேல விழணும், கல்லு மேல விழுந்தா தெறிக்கும், காத்து கொண்டுட்டு போயிரும். அகலத்துக்கு ஒரு கணக்கு: இஞ்சுக்கு மணிக்கு 380 லிட்டர் வேணும், அப்பத்தான் துணி விரிச்சாப்ல வரும், கம்மியா விட்டா கல்ல நக்கிட்டு பின்னாடி எறங்கும். ஆறு இஞ்சுக்கு 2300 லிட்டர். உங்க லேண்ட்ஸ்கேப்காரர் படத்துல அருவி மூணடி அகலம் இருக்கும், பந்தயம். மூணடிக்கு மணிக்கு பதிமூவாயிரத்து சொச்சம் லிட்டர், அந்த மோட்டாருக்கு நீங்க வயல் கனெக்சன் வாங்கணும்.

பம்ப்பு வாங்கறப்ப டப்பா மேல போட்டிருக்கற நம்பர நம்பாதீங்க. 3000 லிட்டர்னு போட்டிருந்தா அது ஒசரமே இல்லாம சும்மா ஓடினா வர்றது. பக்கத்துலயே ஹெச் மேக்ஸ் 2 மீட்டர்னு இருக்கும், 2 மீட்டர்ல ஒரு சொட்டும் வராதுன்னு அர்த்தம். பம்ப்பு அடில கெடக்கும், அங்க இருந்து ஓடை வாய் வரைக்கும் ஒரு மீட்டர் ஆயிருச்சுன்னா பாதிதான் வரும், பைப்பு வளைவுல கொஞ்சம் போகும். அதனால 4500, 5000 பாத்து வாங்கி வால்வு வச்சு அமத்திக்கலாம்.

கரிசக்காட்டான், மே 12, கொஞ்ச நேரம் கழிச்சு
கரண்டு. சின்ன பம்ப்பு 40 வாட்னு வச்சா, ராப்பகலா ஓடினா ரெண்டு மாச பில்லுக்கு 58 யூனிட் கிட்ட வரும். மேல சொன்ன பெரிசுன்னா கூட. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுல இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், உங்க அருவி அரசாங்க செலவுல ஓடியிருக்கும். ரெண்டு ஃபர்லாங் தள்ளி எடம் வாங்கிருக்கலாம்.

நான் காலைல கொஞ்ச நேரம், சாயங்காலம் விளக்கு வச்சதுல இருந்து படுக்கற வரைக்கும், அவ்வளவுதான் ஓட்டறேன். அல்லிக்கும் அதுதான் நல்லது. நெறைய மீன் வச்சா நிறுத்த முடியாது, அதுவும் கோய் மீனு திங்கறதும் கழியறதும் அதிகம், ஃபில்டர் இல்லாம தாங்காது, உங்க மூவாயிரத்து சொச்சம் லிட்டர் அதுக்கு பத்தாது. கோய்ய மறந்துருங்க.

பம்ப்பு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி கட்டாயம், கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ணற ஸ்விட்ச் அது. குளத்து லைட்டு 12 வோல்ட்ல வர்றதா பாத்து வாங்குங்க. இதுல கஞ்சத்தனம் வேண்டாம், தண்ணிக்குள்ள கை விடற எடம்.

மேற்குப்படுகை, மே 14
மீனு இல்லனா கொசு வராதா? எங்க லைன்ல கொசுப்புழு பாக்க வர்ற ஆஷா அக்கா வந்து டார்ச்சடிச்சு பாத்துட்டு வெளில கெடந்த தேங்காத்தொட்டிக்கே திட்டிட்டு போனாங்க.

கரிசக்காட்டான், மே 14
மீனு வேணும், கோய்தான் வேண்டாம்ங்கறேன். முட்டைல இருந்து கொசுவாக நம்ம சூட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். கப்பி மீன் விட்டா முடிஞ்சுது, அதுவே பெருகிக்கும். ஆனா வாய்க்கால்ல கொண்டுபோயி கப்பி விடாதீங்க, நாட்டு மீன் குஞ்ச தின்னுரும். எனக்கு புடிச்சது மானத்துக்கண்ணி. வயல் வாய்க்கால்ல மேல மேலயே நீந்தும், நடுமண்டைல வெள்ளியா ஒரு புள்ளி மின்னும், அத பாத்துத்தான் கண்டுபுடிப்போம், கொசுப்புழு கண்ணுல பட்டா விடாது. பசங்கள அனுப்பினா துண்டுல புடிச்சுட்டு வந்துருவாங்க. தொட்டிக்கு வெளில எகிறி விழும், அதனால தண்ணிய கரைக்கு அரையடி கீழ நிறுத்தணும்.

ஜிலேபி மீன யாராச்சும் சும்மா தந்தாலும் வாங்காதீங்க. அல்லி வேர நோண்டி எடுத்துப்போடும், குஞ்சு பொரிச்சே குளத்த ரொப்பிரும்.

வண்டித்தாவளம் வாத்தியார், மே 15
மீன் வந்தா கொக்கு வரும், தவளை வரும், தவளைக்கு பாம்பு வரும். இத யாரும் எழுத மாட்டேங்கறீங்க.

கரிசக்காட்டான், மே 15
வரும். வரட்டும். எங்க குளத்துக்கு வர்றது நீர்க்கோலி, வெசமில்ல, புடிச்சா கடிக்கும் ஆனா வெசமில்ல. வீட்டுக்காரி மொத வருசம் கத்தினா, இப்ப "உங்க ஆளு வந்திருக்கான்"ங்கறா. ஆனா வெச ஜாதியும் தவளை எலி தேடி வரத்தான செய்யும், அதனால கரைல கல்லு இடுக்கு இடுக்கா அடுக்காதீங்க, சந்து பூசிருங்க, ராத்திரி டார்ச்சில்லாம கிட்ட போகாதீங்க. குளத்தச் சுத்தி ரெண்டடிக்கு புல்லு கட்டையா வெட்டி வச்சா போதும். கொக்குக்கு, நடுவுல ஒரு எடம் ரெண்டடி ஆழம் இருந்து, பானைய படுக்கப் போட்டா மீனு உள்ள ஒளிஞ்சுக்கும். மீன்கொத்திக்கு வழியே இல்ல, அதுக்கும் பங்கு உண்டு.

பாம்ப விட பெரிய விசயம் கொழந்தை. வீட்டுல தவழற கொழந்தை இருந்தா ரெண்டு இஞ்சு தண்ணியே ஆபத்து. தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு கம்பிவலைத் தட்டு, செங்கல் தூண் மேல உக்கார வச்சுருங்க. அல்லித்தண்டு வலைக்குள்ள ஏறி மேல வந்துரும்.

கோபாலபுரத்துக்காரி, மே 20
லேண்ட்ஸ்கேப்காரர வேண்டாம்னுட்டேன். மேஸ்திரி கைல கொடுத்து நாங்களே தோண்டறோம். போர் தண்ணி உப்புங்கறாரு மேஸ்திரி. ஆழியாறு தண்ணி வாய்க்கால்ல வருதே, அத விடலாமா?

கரிசக்காட்டான், மே 21
வாய்க்கால் தண்ணி பத்தி பேசினா இந்த ஊர்ல ராத்திரி பூரா பேசலாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல போட்டது, மணக்கடவுல அளந்து வருசத்துக்கு 7.25 டிஎம்சி தமிழ்நாடு நமக்கு விடணும், அது மூலத்தறைல பிரிஞ்சு வாய்க்கால்ல வந்து வயலுக்கு போகணும், நடுவுல நம்ம குளத்துக்கு பைப்பு போட்டா பாடசேகரக் கமிட்டில, அதான் நெல்லு வெவசாயிங்க கமிட்டில, பதில் சொல்ல முடியாது. முறை வெச்சு விடற தண்ணி அது. வேண்டாம்.

மொட்டைமாடித் தண்ணிய எறக்குங்க. ஆயிரம் சதுர அடி கூரைல ஒரு செண்டிமீட்டர் மழை பெஞ்சா 930 லிட்டர். நாலு செண்டிமீட்டர் மழைக்கு உங்க குளம் ரொம்பி வழியும். மொத மழைத்தண்ணிய மட்டும் வெளில விட்ருங்க, மாடில கெடக்கற காக்கா எச்சமெல்லாம் அதுல வரும்.

போர்த் தண்ணில என்னன்னா, தண்ணி ஆவியா போகும் உப்பு போகாது. தெனம் ரெண்டு கொடம் சேத்து சேத்து விட்டா மார்ச் ஏப்ரல்ல உப்பு ஏறி நிக்கும். நம்ம கெழக்கு சைடு போர்ல ஃப்ளோரைடும் இருக்கறது தெரிஞ்சதுதான. ஓடை வாயில வெள்ளையா படியும், புளித்தண்ணி போட்டு தேய்ச்சா போகும். அதனால கோடைல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து செடிக்கு ஊத்திட்டு அவ்வளவு புதுசா விடுங்க, மொத்தமா மாத்தாதீங்க. மொத்தமா மாத்தினா மறுக்க பச்சையாகும்.

கரிசக்காட்டான், மே 21
பச்சைத்தண்ணி பத்தி கேப்பீங்க, இப்பவே சொல்லிர்றேன். மொத ஒண்ணு ரெண்டு மாசம் பச்சையாத்தான் இருக்கும். மருந்து கலக்காதீங்க. தண்ணி மேல பாதிக்கு மேல எலை மூடினா தானா தெளியும். ஆகாயத்தாமரை சீக்கிரம் மூடும்னு யாராச்சும் குடுத்தா வாங்கிறாதீங்க, மழைல வழிஞ்சு வாய்க்காலுக்கு போச்சுன்னா ஊரே உங்கள தேடும். ஆப்பிரிக்கன் பாயல்னு தண்ணில மெதக்கற ஒரு களை இருக்கு, அதுவும் அதே கதைதான்.

கோபாலபுரத்துக்காரி, ஜூன் 9
குழி ஆச்சு. மழை ஆரம்பிச்சு குழிக்குள்ள தண்ணி. ஒரு ஓரம் வழியுது, இன்னொரு ஓரம் நாலு விரக்கடை காயுது.

கரிசக்காட்டான், ஜூன் 9
நல்லதாப் போச்சு, மட்டம் என்னன்னு தண்ணியே காட்டிருச்சு. ஷீட்டு விரிக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரிய ட்யூப்ல தண்ணி ரொப்பி சுத்தியும் புடிக்கச் சொல்லுங்க, ரசமட்டக் கட்டை பத்தடிக்கு நம்ப முடியாது. கரை தரைய விட மூணு நாலு இஞ்சு ஒசந்து இருக்கணும், இல்லனா வாசல்ல ஓடற தண்ணி சாணியும் உரமும் கொண்டுவந்து உள்ள எறக்கும். மட்டம் கோணலா இருந்தா ஒரு பக்கம் ஷீட்டு கருப்பா வெளில தெரியும், வெயில்ல மொதல்ல போறதும் அந்தப் பகுதிதான்.

கரைக்கு கடப்பாக்கல் வேண்டாம், மத்தியானம் கால் வைக்க முடியாது. ஒத்தப்பாலம் பக்கத்து வெட்டுகல்லு, அதான் செம்புறாங்கல்லு, வாங்குங்க, பாசி புடிச்சா அழகு.

மேற்குப்படுகை, ஜூன் 10
மலம்புழா மாதிரி சும்மா கலக்கலா வரும்னு நெனச்சேன், கடைசில மாட்டுத்தொட்டி சைசுக்கு கொண்டாந்துட்டீங்க.

கரிசக்காட்டான், ஜூன் 10
மலம்புழால பின்னாடி அணை இருக்குதுங்க தம்பி. உங்க வீட்டுக்கு பின்னாடி என்ன இருக்குது?

மாட்டுத்தொட்டிய லேசா பேசாதீங்க. எங்கம்மா வீட்டுல பழைய கல்லுத்தொட்டி ஒண்ணு, மாடு வித்தப்பறம் சும்மா கெடந்துச்சு, அதுல களிமண்ணும் ஒரு அல்லிக்கெழங்கும் நாலு மானத்துக்கண்ணியும் போட்டதுதான். பம்ப்பு இல்ல, வயர் இல்ல. இன்னைக்கு வரைக்கும் என் குளத்த விட அதுதான் அதிகமா பூக்குது. எடமும் காசும் பத்தலன்னா தேடிப்பாருங்க, பழைய வீடு இடிக்கற எடத்துல கெடைக்கும்.

கோபாலபுரத்துக்காரி, ஜூன் 28
ஷீட்டு விரிச்சு மாடித்தண்ணி ரொம்பிருச்சு. அல்லி எப்படி நடறது? நர்சரில தொட்டி மண்ணு, கம்போஸ்ட்டுன்னு ஒரு மூட்டை தலைல கட்டிட்டாங்க.

கரிசக்காட்டான், ஜூன் 29
அத ரோஜாவுக்கு போடுங்க. கம்போஸ்ட்டு மெதக்கும், தண்ணிய பச்சையாக்கும். அகலமான பிளாஸ்டிக் பேசின், ஓட்டை வேண்டாம், நீங்க குழி தோண்டின அதே கரிசல்மண்ணு முக்காவாசி, கெழங்க ஓரமா சாச்சு வச்சு நுனி வெளில தெரியணும், மேல ரெண்டு இஞ்சு ஆத்து மணல், அப்பத்தான் மீனு கலக்காது. எடுத்ததும் ஆழத்துல எறக்காதீங்க, செங்கல் மேல வச்சு நுனிக்கு மேல அரையடி தண்ணி நிக்கற மாதிரி. எலை மேல வர வர செங்கல ஒண்ணொண்ணா உருவிருங்க. ஓடை விழற எடத்துல இருந்து எதிர்மூலைல வைங்க.

கோபாலபுரத்துக்காரி, ஜூலை 16
ரெண்டு எலை மேல வந்துருச்சு. ராத்திரி அடிச்ச மழைல குளம் வழிஞ்சு வெட்டுகல்லுக்கு அடில மண்ணு கரைஞ்சு போச்சு. மீனும் போயிருக்கும்னு நெனைக்கறேன்.

கரிசக்காட்டான், ஜூலை 16
வழியறதுக்கு பைப்பு போடலயா? தண்ணி மட்டத்துல ரெண்டு இஞ்சு பைப்பு ஒண்ணு, வாயில கொசுவலைய ரெண்டா மடிச்சு கட்டுங்க, மறுபக்கம் வாழைக்குழில கொண்டு விட்டுருங்க. ஷீட்டுல ஓட்டை போடற எடத்துல டேங்க் நிப்பிள் ரப்பர் வாஷரோட மாட்டணும், எம்சீல் போட்டு ஒட்டறேன்னு மேஸ்திரி சொன்னா ஒத்துக்காதீங்க. கரைஞ்ச எடத்துல கரிசல மறுக்க அள்ளிப் போடாதீங்க, கிராவல் போட்டு இடிங்க. அப்பறம் வலைய வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க, எலை அடைச்சா பைப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். மீனு அவ்வளவு சுலபமா போகாது, சாயங்காலம் கொஞ்சம் பொரி தூவிப் பாருங்க.